பெரிய வீட்டுப் பங்காளிகள் (குடும்பக் குழு அரட்டை): பதினெட்டாம் போர் உபயம்

பெரியப்பா: பாரதப் போரின் கடைசி நாளை ஆடும் பதினெட்டாம் போர் கூத்து இந்த முறை நம் உபயம். நம் வீட்டு ஆட்கள் இருவர் வேஷம் கட்டலாம் என்று கூத்து வாத்தியார் சொல்லிவிட்டார். துரியோதனன் யார், வீமன் யார்?

ஆரணி சித்தப்பா: துரியோதனன் நான். இதில் என்ன பேச்சு?

செய்யாறு சித்தப்பா: போன முறையும் நீதானே அண்ணா.

ஆரணி சித்தப்பா: கிரீடமும் தோளில் புஜகீர்த்தி அணியும் ஏற்றிக்கொண்டு விடிய விடிய ஆட உன் முட்டி தாங்குமா?

செய்யாறு சித்தப்பா: கிணற்றுப் பக்கத்து நிலத்தைப் பிரிக்கும்போதும் இப்படித்தான் பேசினாய்.

வேலூர் அத்தை: கிணறு இங்கே எதற்கு?

சென்னை அக்கா: பந்தலுக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா?

பெரியப்பா: இரண்டு பேரும் பொறுமையாகப் படியுங்கள். திரைக்குப் பின்னால் குரல் எடுக்கும்போதே கூட்டம் நிமிர வேண்டும், சரி. ஆனால் அன்றைக்கு வருகிற துரியோதனன் தம்பிமாரையெல்லாம் பறிகொடுத்துவிட்டு மடுவுக்குள் போய் மறைந்தவன். வீமன் கரையில் நின்று ஏசுகிறான். அந்த ஏச்சு பொறுக்காமல்தான் எழுந்து வருகிறான். கதாயுதச் சண்டையில் தொடையில் அடிப்பது முறையில்லை. கண்ணன் சைகை காட்ட, வீமன் அங்கேயே அடிக்கிறான். ஜெயித்தவனுக்கும் அதில் முழுப் பெருமை இல்லை. எதிராளியை அமுக்கி ஆடுகிறவனுக்கு இந்த இடம் வராது. விடிந்ததும், துரியோதனன் விழுந்துகிடக்கும் போர்க்களமாக அமைத்த படுகளத்தில், மண்ணால் செய்த துரியோதனனைப் பார்த்து ஊரே ஒப்பாரி வைக்கும். அந்த அழுகைக்கு ஏற்ற மாதிரி இரவு முழுக்க ஆடியிருக்க வேண்டும்.

வேலூர் அத்தை: அப்பா வேஷம் கட்டிய துரியோதனனைப் பார்த்து அம்மா அழுதது ஞாபகம் இருக்கிறதா?

செய்யாறு சித்தப்பா: இருக்கிறது அக்கா.

தம்பி: திரௌபதி யார்?

சென்னை அக்கா: வாத்தியார் ஆள் கொண்டு வருவார். இல்லையென்றால் நீதான். மீசையை எடு.

தம்பி: அடுத்த மாதம் பெண் பார்க்கப் போகிறோம் அக்கா!

பெரியப்பா: எடுத்தால் என்ன? கூத்தில் காலங்காலமாகப் பெண் வேஷம் கட்டியது ஆண்கள்தான். துகிலுரிதல் அன்று சேலையைத் தொடும் முன் ஆட்டத்தை நிறுத்தி அம்மனுக்குச் சூடம் காட்டுவார்கள். துச்சாதனன் கட்டியவர் கை நடுங்குவதை நானே பார்த்திருக்கிறேன். அவரை யாரும் கோழை என்று சொன்னதில்லை.

ஆரணி சித்தப்பா: சரி அண்ணா. அவன் வீமன் கட்டினால் எனக்குச் சம்மதம்.

செய்யாறு சித்தப்பா: நான் எப்போது வீமன் என்றேன்?

பெரியப்பா: ஞாயிறு இரண்டு பேரும் வாருங்கள். ஆளுக்கொரு பாட்டு பாடுங்கள். வாத்தியார் முடிவு செய்யட்டும்.

ஆரணி சித்தப்பா: ஞாயிறு எனக்கு ஒரு கல்யாணம் இருக்கிறதே.

சென்னை அக்கா: பந்தல் முன்பணம்?