ஹட்டன்–கொழும்பு ஓட்டம்: கோன் ஃபில்டர் போட்டால் பெற்றோல் மிஞ்சுமா?

நோர்வூட்_விட்ஸ்:
அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். என்னிடம் இருப்பது 1000 சிசி டொயோட்டா விட்ஸ் கார், மெனுவல் கியர். போன மாதம் ஹட்டனில் ஃபுல் டேங்க் அடித்துக் கொழும்புக்கு இறங்கினேன், 126 கிலோமீட்டர், அங்கே திரும்ப நிரப்பியபோது 6.6 லீட்டர்தான் பிடித்தது. லீட்டருக்கு 19! மறுநாள் அதே வழியில் ஏறி வந்து ஹட்டனில் அடித்தால் 9.5 லீட்டர், அதாவது 13. சாமான் கடைக்காரர் ஒருவர், "மலையில காத்து கம்மி, அதான் இஞ்சின் திணறுது, ஏர் ஃபில்டர் பெட்டியக் கழட்டிட்டு, கூம்பு மாதிரி திறந்து நிக்கிற கோன் ஃபில்டர் போடுங்க, லீட்டருக்கு மூணு நாலு கூடும்" என்கிறார். விலை இரண்டு டேங்க் பெற்றோல் காசு. போடலாமா?

கொட்டகலை_கராஜ்:
தம்பி, முதலில் கணக்கைச் சரி பண்ணுவோம். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1250 மீட்டருக்குக் குறையாது. ஒரு டன் வண்டியை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே ஒன்றரை லீட்டர் போல தனியாகப் போகும், இறங்கும்போது அதில் கொஞ்சம்தான் திரும்பக் கிடைக்கும், மிச்சம் பிரேக்கில் சூடாகிப் போய்விடும். அதனால் இந்த வித்தியாசத்துக்கு வண்டியைக் குறை சொல்லாதீங்க, கினிகத்தேனை ஏற்றம் குடித்த பெற்றோல் அது. போய்வந்த 252 கிலோமீட்டரை மொத்தம் 16.1 லீட்டரால் பிரித்தால் 15.6 வருகிறது. உங்கள் மைலேஜ் இதுதான். (19ஐயும் 13ஐயும் கூட்டி இரண்டால் பிரித்தால் 16க்கு மேலே காட்டும், ஏமாறாதீங்க.)

அளப்பதென்றால் ஒரே பெற்றோல் செட், ஒரே பம்ப். நொசில் தானாக 'டக்' என்று நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்க. இல்லாவிட்டால் பம்ப் அடிக்கிற பொடியன் காசை ரவுண்டாக்குவதற்கு வண்டியை ஆட்டி ஆட்டி இன்னும் அரை லீட்டர் விடுவான், அதோடு கணக்குப் போச்சு. வண்டி மட்டமாக நிற்கவும் வேண்டும், நம்ம ஊரில் அப்படி இடம் தேடுவதே ஒரு வேலை. மூன்று டேங்க் பார்த்த பிறகு பேசுவோம்.

மலையில் காற்று மெலிசு என்பது உண்மைதான். கொழும்போடு பார்த்தால் ஹட்டனில் 12 வீதம் போல குறைவு, நுவரெலியாவில் 17 வீதம் வரும். ஆனால் அதை எந்த ஃபில்டரும் திருப்பித் தராது, அதற்குக் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிற டர்போ வேண்டும். குறைவது இழுவை. உங்கள் இஞ்சினில் உள்ளே வருகிற காற்றுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டர் பெற்றோலை அளந்து விடுகிறது, காற்று கூடினால் பெற்றோலும் கூடத்தான் போகும். அழுக்கு ஃபில்டர் பெற்றோல் குடித்ததெல்லாம் கம்ப்யூட்டர் இல்லாத பழைய காபரேட்டர் காலத்தில். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடம் 2009இல், இப்படிக் கம்ப்யூட்டர் பெற்றோல் விடுகிற இன்ஜெக்‌ஷன் கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துச் சோதித்துப் பார்த்தது. மைலேஜில் வித்தியாசமே இல்லை, வேகம் எடுப்பதுதான் மந்தமானது.

டிக்கோயா_மழை:
நான் போட்டுக் கழற்றியவன். பெட்டி இருந்தவரைக்கும் முன்பக்கத்துக் குளிர்காற்றைத்தான் இஞ்சின் எடுத்தது. கோன் போட்டதும் பொனட்டுக்குள்ளே இருக்கிற சூட்டுக் காற்றை இழுக்க ஆரம்பித்தது, றம்பொடை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் செகண்ட் கியரில் ஊரும்போது பொனட்டில் ரொட்டி சுடலாம், அந்தக் காற்றால் என்ன இழுவை வரும்? சத்தம் மட்டும் சும்மா கிழிக்கும், அதைக் கேட்கிற ஆசையில் காலும் கூட அமுக்கும். என்னுடையது எண்ணெய் பூசுகிற வகை, அந்த எண்ணெய் காற்றை அளக்கிற சென்சரில் படிந்து, வண்டி நிற்கும்போது இஞ்சின் ஓடுகிற ஓட்டம் (ஐடில்) ஆடத் தொடங்கியது. பழைய பெட்டியைத் தேடிப் பிடித்துத் திரும்பப் போட்டேன்.

மஸ்கெலியா_ஓட்டம்:
இறக்கத்தில் நியூட்ரல் போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்க. கியரில் வைத்துக் காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெற்றோலை அடியோடு நிறுத்திவிடும், நியூட்ரலில் ஐடிலுக்குக் குடித்துக்கொண்டே இருக்கும். பிரேக்கும் கித்துல்கலைக்கு முன்னாலேயே கருகின வாடை அடிக்கும். டயரில் காற்றும் பாருங்க.

நோர்வூட்_விட்ஸ்:
நியூட்ரல் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், அப்பா பழக்கிவிட்டது.

இன்றைக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு கிளிப் உடைந்து, யாரோ கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், இடுக்கால் தோட்டத்து ரோட்டுச் செம்மண் உள்ளே போய் ஃபில்டரின் சுத்தமான பக்கத்திலும் படிந்திருக்கிறது. எலி கொண்டு வந்து போட்ட கருப்பந்தைல இலை ஒரு கைப்பிடி. போன சர்வீஸில் புது ஃபில்டருக்குக் காசும் வாங்கினார்கள்!

கொட்டகலை_கராஜ்:
அந்த இடுக்கை உடனே அடையுங்க தம்பி, மண் போனால் பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும். கிளிப் பழைய சாமான் கடையில் கிடைக்கும். ஃபில்டர் சாதாரணக் காகிதமே போதும்.

நோர்வூட்_விட்ஸ்:
சரி அண்ணே. கிளிப் வாங்கிவிட்டேன். சனிக்கிழமை அதே பம்பில் ஃபுல் டேங்க்.