கடலோர வீட்டில் முதல் கம்ப்யூட்டர்: கூலிங் விஷயத்தில் நாங்கள் கண்டது

தேவனாம்பட்டினம், கடலூர்

சில்வர் பீச்சுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடித்தாலும் அடுத்த மார்கழிக்குள் துரு பிடித்துவிடும். கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காக முதன்முதலாக நானே பாகங்களை வாங்கி ஒரு கம்ப்யூட்டர் பூட்ட நினைத்தபோது இந்தக் காற்றைப் பற்றி யோசிக்கவே இல்லை. யூடியூபில் பார்த்த பட்டியலோடு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

கணக்குகளைச் செய்யும் மூளையான பிராசசர் ரைசன் 5 5600. அதில் கிராபிக்ஸ் உள்ளடங்கி வராது, தனி கார்டு கட்டாயம் வேண்டும். அதனால் ஆர்எக்ஸ் 6600 கார்டு. அப்புறம் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பி550 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் (நினைவகம்), மின்சாரம் கொடுக்கும் 550 வாட் எஸ்எம்பிஎஸ். இதெல்லாம் சரியான தேர்வுதான், இன்றுவரை குறை இல்லை. இவற்றை வைக்கும் பெட்டியான கேபினட்டை மட்டும் அழகு பார்த்து வாங்கினேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஓரத்தில் விரல் நுழையாத இடுக்கு.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம், மதியம் அறைக்குள்ளேயே 36 டிகிரி. எடிட் செய்த ஒரு வீடியோவை முழு ஃபைலாக மாற்ற ரெண்டர் போட்டேன். பத்தே நிமிடத்தில் பிராசசர் 90 டிகிரியைத் தொட்டது. இந்த பிராசசருக்கு எல்லையே அதுதான். அதற்கு மேல் போகாமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசாரித்த கடையில், பிராசசர் சூட்டைத் திரவத்தால் எடுக்கும் 240 மி.மீ. லிக்விட் கூலர் போட்டால்தான் தீரும் என்றார்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு அதே வீடியோவை மறுபடி ஓட்டினேன். 77 டிகிரி. கூலர் அதேதான், அறையும் அதேதான். பெட்டிக்குள் காற்று வர வழியில்லாததுதான் கோளாறு என்று அப்போது புரிந்தது. எந்தக் கூலரும் சூட்டை அழிப்பதில்லை, பிராசசரிலிருந்து எடுத்துக் காற்றிடம் கொடுக்கிறது. கொடுக்கப் புதுக் காற்று வேண்டும். லிக்விட் கூலரும் கடைசியில் அதே அறைக் காற்றில்தான் சூட்டை விடும். 65 வாட் பிராசசருக்கு அது தேவையும் இல்லை. அதன் பம்ப் நின்றுவிட்டால் கூலரே போனது மாதிரி. காற்றுக் கூலரில் ஃபேன் போனால் வேறு ஃபேன் மாட்டிக்கொள்ளலாம்.

முன்பக்கம் வலை வைத்த கேபினட்டுக்கு மாறினேன். முன்னால் உள்ளிழுக்க இரண்டு 120 மி.மீ. ஃபேன், பின்னால் வெளியேற்ற ஒன்று. வெளியேறும் காற்றைவிட உள்ளே வரும் காற்று அதிகமாக இருந்தால் இடுக்குகள் வழியாகத் தூசி நுழையாது, ஃபில்டர் வழியாகத்தான் காற்று வரும். கடற்கரை மணலுக்கு இது ரொம்ப முக்கியம். ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது என்று எனக்குக் குழப்பமாக இருந்தபோது அம்மா ஊதுபத்தி ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். புகை போகும் திசையைப் பார்த்தே ஒன்றைத் திருப்பி மாட்டியிருப்பது தெரிந்தது!

பிராசசரோடு கிடைத்த ஸ்டாக் கூலரோடு 79 டிகிரி வந்தது. சூட்டைக் கடத்தும் நான்கு குழாய் (ஹீட் பைப்) உள்ள உயரமான டவர் கூலர் மாட்டியதும் 66. அதன் உயரம் 155 மி.மீ., கேபினட் 160 வரை தாங்கும். இதை அளக்காமல் யாரும் வாங்காதீர்கள்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

தேவனாம்பட்டினத்துத் தம்பி சூட்டைச் சொன்னார், நான் உப்பைச் சொல்கிறேன். ஐப்பசியில் ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்து வந்து ஆன் செய்தால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. மதர்போர்டு போய்விட்டது என்றே நினைத்தேன். ரேமைக் கழற்றிப் பார்த்தால் தங்க நிறப் பட்டைகள் மங்கிக் கிடந்தன. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பின் மாட்டினேன். ஓடிவிட்டது.

காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்திருக்கும் உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். நம் ஊரில் மழைக்கால இரவுகள் பெரும்பாலும் அப்படித்தான். ஓடாத கம்ப்யூட்டர்தான் அதிகம் கெடுகிறது என்பது என் அனுபவம். இப்போது வேலை இல்லாவிட்டாலும் தினம் அரை மணி நேரம் ஓட விடுகிறேன், உள்ளே லேசான சூடு இருந்தால் ஈரம் தங்காது. ஜன்னலுக்கு நேரே இருந்த மேசையையும் உள்சுவர் பக்கம் மாற்றிவிட்டேன். கடற்காற்று நேராக உள்ளே போகும்படி முன்பக்க ஃபேனை வைக்காதீர்கள்.

திருப்பாப்புலியூர், கடலூர்

என்னுடையது சின்ன விஷயம், ஆனால் முதல்முறை பூட்டும் எல்லோருக்கும் உதவும். ஆன் செய்த இரண்டு நிமிடத்தில் சூடு எகிறி அணைந்துகொண்டே இருந்தது. மூன்று நாள் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பு), பேஸ்ட் (பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பசை), ஃபேன் என்று தேடினேன். கடைசியில் கூலரைக் கழற்றினால், அடித்தட்டில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்கவே இல்லை. உரித்து, பழைய பேஸ்டைத் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிதாக வைத்து மாட்டினேன். சும்மா இருக்கும்போது இப்போது 42 டிகிரிதான்.

தேவனாம்பட்டினம் அண்ணா, உங்கள் ஊதுபத்தி யோசனையை இன்றைக்கே செய்து பார்த்தேன். என் பின்பக்க ஃபேனும் உள்ளேதான் ஊதிக்கொண்டிருந்தது.