ஏழு பேர் இருந்தாத்தான் ஷோ

நாங்க கொழிஞ்சாம்பாறைப் பக்கமுங்க. கேரளாதான், ஆனா வீட்டுல கடைல பேச்செல்லாம் தமிழ்தான். பொள்ளாச்சிக்கும் பஸ் இருக்கு, பாலக்காட்டுக்கும் இருக்கு, அதனால வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா அக்கட்டால என்ன படம் இக்கட்டால என்ன படம்னு ரெண்டையும் பாத்துட்டுத்தான் கிளம்புவோம்.

பெரிய ஹீரோ படம்னா கவலையே இல்ல. 2023 பொங்கலுக்கு சென்னைல ஒரு ரசிகர் லாரி மேல இருந்து விழுந்து இறந்துட்டாருல்ல, அதுக்கப்புறம் தமிழ்நாட்டுல விடியக்கால ஷோவுக்கு பர்மிஷன் குடுக்கறதில்ல, சீக்கிரம்னாலே 9 மணிதான். கேரளால அப்படி இல்ல. அதே வருஷம் அக்டோபர் 19-ல லியோ வந்தப்ப இங்க 4 மணிக்கே ஷோ போட்டாங்க, கோயமுத்தூர் பசங்க வாளையார் தாண்டியும் பொள்ளாச்சி பசங்க கோபாலபுரம் வழியாவும் வந்தாங்க, எங்க ரோட்டுல ராத்திரி பூரா வண்டி சத்தம், டீக்கடை அண்ணன் ரெண்டு மணிக்கே அடுப்பு பத்த வெச்சுட்டாரு. அந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கும், நானும் போனேன்.

ஆனா நான் சொல்ல வந்தது சின்ன படத்தைப் பத்தி. போன மழைக்காலத்துல ஒரு புதன்கிழமை, நானும் தங்கச்சியும் பஸ்ட் ஷோவுக்குப் போனோம், மலையாளப் படம், தெரிஞ்ச மூஞ்சின்னு யாருமே இல்ல. கவுண்டர்ல இருந்த சேட்டன், ஏழு பேராவது இருந்தாத்தான் ஷோ, இப்ப நாலு பேருதான் இருக்கீங்க, சித்த நேரம் வெய்ட் பண்ணுங்கன்னுட்டாரு. நாங்க ரெண்டு பேர், காலேஜ் பையன் ஒருத்தன், வேட்டி கட்டின பெரியவர் ஒருத்தர். படிக்கட்டுல உக்காந்து ரோட்டையே பாத்துட்டு இருந்தோம், யாராவது பைக்க ஸ்லோ பண்ணினாலே தங்கச்சி எந்திரிச்சு நின்னுக்குவா. அந்தப் பையன் போன்ல கெஞ்சி கெஞ்சி ப்ரெண்டு ஒருத்தன வரவெச்சான். அப்புறம் லாட்டரி விக்கற அக்கா ஒருத்தங்க, கோவிந்தாபுரத்துக்காரங்க, டிக்கெட் கட்ட நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுட்டு மழைக்கு ஒதுங்க வந்தாங்க, நாங்க அஞ்சு பேரும் சேந்து அவங்கள உள்ள கூப்ட்டோம், ஏங் கண்ணு எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாதேன்னாங்க, பேசினா புரியுமில்லக்கா அது போதும்னு தங்கச்சியே டிக்கெட் எடுத்துக் குடுத்துட்டா. ஆறு ஆச்சு. மணி ஏழு நெருங்கிடுச்சு, யாரையும் காணோம். அந்தப் பெரியவர் எந்திரிச்சுப் போய், "ஏழாமத்தெ டிக்கெட்டும் எனிக்கு தா மோனே"ன்னு காச எடுத்து நீட்டினாரு. சேட்டன் ஒண்ணும் பேசல, டிக்கெட்ட கிழிச்சுக் குடுத்துட்டு மேல பாத்து "படத்தப் போட்டுடு"ன்னு குரல் குடுத்தாரு.

படத்துல ஒரு அம்மா சோத்தப் போட்டு மூடி வெச்சுட்டு வாசலப் பாத்துட்டு இருக்கும், ரொம்ப நேரம் அதே ஷாட்தான், வசனம் கிடையாது. லாட்டரி அக்கா, ஐயோ அவன் வரமாட்டான் சாமின்னு சத்தமாவே சொல்லிட்டாங்க. யாரும் திரும்பி முறைக்கல. இன்டர்வல்ல பெரியவர் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கினாரு, அந்தப் படத்தோட டைரக்டர் இதுக்கு முன்னாடி என்ன பண்ணிருக்காருன்னு அவ்வளவு விவரமா சொன்னாரு.

மொழி தெரியலன்னா படம் ஓடாதுன்னு சொல்றவங்க 2024-ல மஞ்சும்மல் பாய்ஸ் தமிழ்நாட்டுல டப்பிங்கே இல்லாம ஓடினத நினைச்சுப் பாருங்க. கொடைக்கானல்ல 2006-ல நடந்த கதை, வசனத்துல தமிழும் நிறைய வரும், அது ஒரு காரணம்தான். ஆனா ஜனம் தியேட்டருக்குப் போனதாலதான் அது வாரக்கணக்கா நின்னுச்சு. சின்ன படத்துக்கு அந்த டைமே கிடைக்கறதில்லைங்க. வெள்ளிக்கிழமை வரும், திங்கக்கிழமை கூட்டம் இறங்கினதும் ஷோவக் குறைப்பாங்க, அடுத்த வெள்ளி புதுப்படம் வந்தா எடுத்துருவாங்க. ஓடிடி-ல பாத்துக்கலாம்னு ஆளுங்க உக்காந்துக்கறாங்கன்னுதான் கேரளா தியேட்டர்காரங்க, படம் தியேட்டர்ல வந்து 42 நாள் கழிச்சுத்தான் ஓடிடி-க்குப் போகணும்னு கேக்கறாங்க, எனக்கு அது நியாயமாத்தான் படுது.

இந்த வாரம் உங்க ஊர்ல ஒரே ஒரு ஷோ ஓடற படம் எதாவது இருக்கும், பேப்பர்ல கடைசி வரில சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, அதுக்குப் போங்க. புதன்கிழமை தாண்டிடாதீங்க, கூட ஒரு ஆளையும் கூட்டிட்டுப் போங்க.