இழை: உயிருள்ளவற்றின் ஏழாவது பண்பு — 'இரிட்டபிலிட்டி'க்கு எந்தச் சொல்?

திண்டுக்கல், அறிவியல் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்புக்கு ஒரு சுவர்ப்படம் தயாரிக்கிறோம். வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். அசைவு, சுவாசம், உணவூட்டம், வளர்ச்சி, கழிவுநீக்கம், இனப்பெருக்கம் ஆறும் முடிந்துவிட்டன. ஏழாவதான 'இரிட்டபிலிட்டி', அதாவது வெளியிலிருந்து வரும் தூண்டலுக்கு உயிர் பதில் தருவது, அதுதான் நிற்கிறது. பழைய நூல்களில் 'உறுத்துணர்ச்சி' என்று இருக்கிறது. அதைப் பலகையில் எழுதியதும் ஒரு பையன், "டீச்சர், கண்ணுல தூசி விழுந்தா உறுத்துமே, அதுவா?" என்று கேட்டான். வெளிச்சம் பக்கம் வளையும் செடிக்கு எங்கே உறுத்துகிறது? நல்ல சொல் தாருங்கள்.

தஞ்சை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:
அம்மா, சொல் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் 'ஒன்றறிவதுவே உற்றறிவதுவே' என்கிறது, அதாவது ஓரறிவு என்பது தொட்டு அறிவது. 'புல்லும் மரனும் ஓரறிவினவே' என்றும் சொல்கிறது. செடிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? 'உற்றறிவு' என்று போடுங்கள். உறு என்னும் வேரின் ஆழத்தையும் பாருங்கள். உற்றது உறவு. குறள் 27-இல் 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என வரும்போது ஊறு என்பது தொடு உணர்வு. அதே ஊறு வேறிடத்தில் துன்பம். தீண்டலும் துன்பமும் ஒரே சொல்லில் நிற்கின்றன. உறுத்தல் என்பதும் உறச்செய்தல்தான், வெறும் கண் எரிச்சல் அல்ல. என் கருத்தில் 'உறுப்பு'ம் இதே குடும்பம். உறுவதற்கு வாயிலாக இருப்பதால் உறுப்பு.

சென்னை, மருத்துவர்:
ஐயா, உறுப்பை இன்னொரு நாள் பார்ப்போம். எனக்கு இடிப்பது 'அறிவு', 'உணர்ச்சி' என்ற பின்பாதிகள். இந்தக் கருத்தின் வரலாறே அதற்கு எதிராக நிற்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மருத்துவர் கிளிஸ்ஸன் இதைப் பேசத் தொடங்கினார். 1752-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் உடலியங்கியலாளர் ஹாலர் அதை இரண்டாகப் பிரித்தார். தொட்டால் சுருங்கும் திறன் தசைக்கு, உணரும் திறன் நரம்புக்கு என்றார். உடலிலிருந்து எடுத்த பிறகும் இதயம் சற்று நேரம் துடிக்கிறதே, அங்கே உணர்வது யார்? சர்க்கரை இருக்கும் பக்கம் நீந்தும் பாக்டீரியாவுக்கு நரம்பே கிடையாது. தொட்டாற்சுருங்கியில் நடப்பதும், இலைக்காம்பின் அடிப்புடைப்பிலுள்ள செல்களிலிருந்து நீர் வெளியேறி விறைப்பு குறைவதுதான். தூண்டல் வருகிறது, உயிர் பதில் தருகிறது. அவ்வளவே எல்லா உயிர்களுக்கும் பொது. இன்னொன்று, குறள் 1101-இல் 'கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும்' என வரும் வரிசையில் உற்றறிதல் தொடுதலை மட்டும்தான் குறிக்கிறது. ஒளியை நோக்கி வளையும் தண்டும், புவியீர்ப்பை அறிந்து கீழே போகும் வேரும் அதற்குள் அடங்குமா?

கோவை, மொழிபெயர்ப்பாளர்:
மருத்துவர் சொன்னதே வழி. பாடநூல்களில் 'தூண்டல் – துலங்கல்' என்ற இணை ஓடிக்கொண்டிருக்கிறது. உளவியலிலும் அதுவே. 'துலங்கல்' போதும்.

தஞ்சை, பேராசிரியர்:
துலங்குதல் ஒளிர்தல் அல்லவா! பாத்திரத்தைத் துலக்குகிறோம், அது துலங்குகிறது. இங்கே வேண்டியது 'துளங்கல்'. துளங்குதல் என்றால் அசைதல், நடுங்குதல். குறள் 668-இல் 'துளங்காது தூக்கங் கடிந்து செயல்' என்பதை நினைத்துப் பாருங்கள். தூண்டினால் துளங்கும், அதுவே பொருள் நிறைந்த சொல். யாரோ ஒருவர் ளகரத்தை லகரமாக எழுதிவிட்டதால் நாம் ஏன் அதையே சுமக்க வேண்டும்?

கோவை, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, பிள்ளைகள் தேர்வில் 'துலங்கல்' என்று படித்துக்கொண்டிருக்கும்போது சுவரில் 'துளங்கல்' என்று தொங்கினால் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்கள். தூய்மைக்காகப் புரிதலைக் கொடுத்துவிட முடியாது. மேலும் எல்லாப் பதிலும் அசைவல்ல. உணவைக் கண்டதும் வாயில் உமிழ்நீர் ஊறுகிறது, அதில் எது துளங்குகிறது?

யாழ்ப்பாணம், உயிரியல் ஆசிரியர்:
எங்கள் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கோ. எங்கட பிள்ளைகளுக்கு 'உறுத்துணர்ச்சி' பழகிய சொல். தூண்டலுக்குக் கிடைப்பது 'தூண்டற்பேறு'. அது எவ்வளவு தெளிவு! தூண்டலால் பெறும் பேறு. அசைவா சுரப்பா என்ற சண்டைக்கே அதில் இடமில்லை. ஏற்கனவே நீங்கள் வளர்சிதை மாற்றம் என்பதை நாங்கள் அனுசேபம் என்கிறோம், உங்கள் உயிரினம் எங்களுக்கு உயிரங்கி. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அந்த முயற்சியில் வந்த உடலியங்கியல் நூலின் பெயர் 'மனுஷ சுகரணம்'. சுகரணம் என்ற சொல்லை இன்று யார் அறிவார்? ஒவ்வொரு தலைமுறையும் புதுச்சொல் செய்து பழையதை விட்டுவிட்டால், முன்னால் எழுதப்பட்டதைப் பிள்ளைகள் வாசிக்க முடியாது. அதுதான் எனக்குக் கவலை.

சென்னை, மருத்துவர்:
தூண்டற்பேறு பிடித்திருக்கிறது, உண்மையாகவே. ஆனால் அது கிடைக்கும் பதிலின் பெயர். பதில் தரும் திறனுக்குப் பெயர் வேண்டாமா? பாறையில் வெயில் பட்டாலும் சூடாகிறது. உயிரோ வந்த தூண்டலைப் பொறுத்து தன்னைக் காக்கும்படி மாறுகிறது. அந்தத் திறன்தான் ஏழாவது பண்பு. 'துலங்குதிறன்' எனலாமா?

திண்டுக்கல், ஆசிரியை:
எல்லோருக்கும் நன்றி. நாளை காலை கோப்பு போயாக வேண்டும். திறன் என்று முடிந்தால் மற்ற ஆறோடும் வரிசை ஒட்டவில்லை, அவையெல்லாம் செயல்கள். அதனால் 'தூண்டலுக்கேற்பத் துலங்குதல்' என்று வைக்கிறேன். கீழே சிறிய எழுத்தில் 'உறுத்துணர்ச்சி' இருக்கும். படத்துக்குத் தொட்டாற்சுருங்கி மட்டும் போதாது என்று மருத்துவர் எழுதியதிலிருந்து தெரிந்தது, சன்னல் பக்கம் வளைந்த அவரை நாற்றும் சேர்க்கிறேன்.

கோவை: சரி.

சென்னை: எனக்கும் சம்மதம். பின்னால் நூலாக வரும்போது திறனைப் பற்றிப் பேசுவோம்.

யாழ்ப்பாணம்: கீழே போடும் சிறிய எழுத்தில் 'தூண்டற்பேறு'ம் வரட்டும், அம்மா.

தஞ்சை: பெரும்பான்மை அப்படியென்றால் அச்சாகட்டும். ளகரம்தான் சரி என்பதில் எனக்கு மாற்றமில்லை. சங்க இலக்கியத்தில் துளங்கு வரும் இடங்களைத் தொகுத்துத் தனி இழையில் அனுப்புகிறேன்.