செக் இன்ஜின் லைட் எரிகிறது, வண்டியை வெளியூர் எடுத்துப் போகலாமா?

வைகைக்கரை:
வணக்கம். 2016 மாடல் பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், எழுபதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. போன வாரம் திருச்சியிலிருந்து மதுரை வரும்போது விராலிமலை தாண்டியதும் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் எரிந்தது. ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, சிக்னலில் ஏசி போட்டு நின்றால் மட்டும் வண்டி லேசாக உதறுகிறது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினார்கள், லைட் அணைந்தது, மறுபடியும் வந்துவிட்டது. இப்போது ஆக்சிஜன் சென்சர் மாற்ற வேண்டும் என்கிறார்கள், ஆனால் ஸ்கேனர் போட்டே பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு திருச்செந்தூர் போகணும். போகலாமா?

பொருநை:
லைட் நிலையாக எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா? முதலில் அதைப் பாருங்கள். நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு கோளாறு பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம், வண்டி ஒழுங்காக ஓடினால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். மின்னினால் கதையே வேறு, ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்ஸர் பக்கம் போகிறது, அது புகையைச் சுத்தம் பண்ணும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்தால் கன்வர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகி உள்ளே உருகிவிடும். ஸ்பார்க் பிளக்கில் பொறி வர கரண்ட் கொடுக்கும் காயிலை மாற்றுகிற செலவைப் போலப் பல மடங்கு அதற்கு ஆகும்.

இன்னொன்று, சிவப்பில் எண்ணெய்க் குவளை படமோ டெம்பரேச்சர் படமோ எரிந்தால் அடுத்த பங்க் வரைக்கும் போகலாம் என்று நினைக்கவே வேண்டாம். ஓரம் கட்டி உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ஆயில் பிரஷர் இல்லாமல் சில நிமிஷம் ஓடினாலே இன்ஜின் பிடித்துவிடும்.

ஸ்பேனர்:
தம்பி, பெட்ரோல் வண்டி வேலைதான் எனக்குத் தொழில், அதனால் சொல்கிறேன், கம்ப்யூட்டர் பதிவு செய்திருக்கும் கோளாறு எண்ணை, அதாவது கோடு (code) பார்க்காமல் எந்த சென்சரும் வாங்காதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றினால் லைட் அணையும், கோளாறு போகாது. அதோடு, லைட் வந்த நேரத்தில் இன்ஜின் எவ்வளவு சூடு, எத்தனை ஆர்பிஎம் என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருந்ததும் அழிந்துவிடும். நோயைக் கண்டுபிடிக்க உதவுவதே அந்தக் குறிப்புதான், அதை அழித்துவிட்டு சென்சர் மாற்றச் சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓபிடி-2 உண்டு, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துப் பதிவு செய்யும் அமைப்பு. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். புளூடூத் ஸ்கேனர் ஒன்றை மாட்டி, போனில் ஆப் போட்டு நீங்களே கோடு பார்த்துவிடலாம்.

நிற்கும்போது உதறுகிறது என்றீர்கள், எனக்கு மிஸ்ஸிங் மேல்தான் சந்தேகம், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. மிஸ்ஸிங் ஆகும் சிலிண்டரில் காற்று எரியாமல் வெளியே வருமா, அதில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து சென்சர் பெட்ரோல் குறைவு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். சென்சர் உள்ளதைத்தான் சொல்கிறது, பழி மட்டும் அதன் மேல் விழுகிறது.

கொங்குவண்டி:
பெட்ரோல் டேங்க் மூடி சரியாக மூடாவிட்டாலும் இந்த லைட் வரும் என்று வீடியோவில் பார்த்தேன், அதையும் பாருங்களேன்.

ஸ்பேனர்:
அது அமெரிக்க வண்டிகளில் அடிக்கடி வருவது, அங்கே டேங்க் ஆவிக் கசிவையும் கம்ப்யூட்டர் சோதிக்கணும் என்று சட்டம். நம்ம ஊர் வண்டிகளில் பெரும்பாலும் அந்தச் சோதனை கிடையாது. மூடியை இறுக்கிவிடுங்கள், தப்பில்லை, ஆனால் மூடி லூஸாக இருந்து வண்டி உதறாது.

வைகைக்கரை:
நண்பரிடம் ஸ்கேனர் வாங்கிப் பார்த்தேன் அண்ணா, பி0302 என்று வருகிறது. இன்று பாலம் ஏறும்போது லைட் மின்னவும் செய்தது.

ஸ்பேனர்:
இரண்டாம் சிலிண்டர் மிஸ்ஸிங். மின்னிவிட்டது இல்லையா, அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் இதில் போகவே கூடாது. பிளக்குக்கு ஒரு காயில் உள்ள வண்டி என்றால் சாவியை எடுத்துவிட்டு, இன்ஜின் ஆறியதும் இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போடுங்கள். அந்தக் கோடு எண்ணை ஸ்கேனரில் அழித்துவிட்டு வீட்டு வாசலிலேயே ஸ்டார்ட் பண்ணி விடுங்கள், லைட் வந்ததும் நிறுத்திவிட்டுக் கோடு பாருங்கள். பி0303 என்று மாறினால் காயில்தான் போச்சு, அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். மறுபடியும் பி0302 என்றால் பிளக்கை அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். எழுபதாயிரம் வரை பிளக்கே மாற்றவில்லை என்றால் எப்படியும் நாலையும் புதிதாகப் போடணும். அதற்கும் சரியாகவில்லை என்றால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தமான கம்ப்ரஷன் இரண்டையும் பார்க்கணும், அதற்கு ஒர்க்‌ஷாப் போய்த்தான் ஆகணும். கோடு எண்ணை அழிப்பதற்கு முன் அதைக் காட்டும் ஸ்கிரீனை போட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.