மராகேஷில் ஒரு மாலை: கூடார விருந்துக்குப் போகலாமா?

வழிப்போக்கன்:
டிசம்பர் கடைசியில் மொராக்கோவின் மராகேஷில் இரண்டு இரவு தங்கல். ஆறு பேர், இருவர் சுத்த சைவம், நாலு வயதுக் குழந்தை ஒன்று. ஊருக்கு வெளியே கூடாரத்தில் விருந்து, ஆட்டம் பாட்டு, கடைசியில் குதிரை வீரர்கள் என்று ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். போகலாமா? சைவத்துக்கு என்ன சொல்லி வைக்க வேண்டும்?

அட்லஸ்வாசி:
குதிரைக்காகப் போங்கள், சாப்பாட்டுக்காக வேண்டாம். பெருங்கூட்டத்துக்கு ஒரே நேரத்தில் பரிமாறுவதால் பாதி ஆறித்தான் வரும். வழக்கமாக ஹரீரா சூப், ரொட்டி, பிறகு மெஷுயி என்கிற சுட்ட ஆட்டுக்குட்டி. அதைக் கையால் பிய்த்து, சீரகப்பொடியும் உப்பும் தொட்டுச் சாப்பிட வேண்டும். அப்புறம் குஸ்குஸ் என்கிற ஆவியில் வெந்த கோதுமை ரவை மணிகள், பழம், புதினா தேநீர். ரொட்டியிலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள்.

சாப்பாடு முடிந்த பிறகுதான் தபூரிதா, அதாவது நீங்கள் சொன்ன குதிரை வீரர்கள் காட்சி. வரிசை கலையாமல் குதிரைகள் பாய்ந்து வரும். தலைவர் குரல் கொடுத்ததும் எல்லாத் துப்பாக்கியும் ஒன்றாக வெடிக்க வேண்டும். ஒரே ‘டமார்’ என்றால் தேர்ந்த அணி. படபடவென்று சிதறினால் யாரோ பிந்திவிட்டார். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை இது. வெடிச்சத்தம் பலமாக இருக்கும், புகையும் உண்டு. குழந்தைக்குக் காதுமூடி கட்டாயம், முன்வரிசை வேண்டாம். திறந்தவெளி, டிசம்பர் இரவுக் குளிர், கனமான ஸ்வெட்டர் இல்லாமல் தாங்காது. அறைக்குத் திரும்ப நள்ளிரவு ஆகிவிடும்.

பச்சைக்காய்:
சைவர்கள் ஏமாறுவது குஸ்குஸில்தான். தட்டில் காய்கறி மட்டும் தெரியும். ஆனால் அது வேகும் பாத்திரம் இரண்டடுக்கு: கீழ்ப்பானையில் கறியும் காயும் கொதிக்க, அந்த ஆவியில்தான் மேலே குஸ்குஸ் வேகும். அதே சாற்றைத்தான் மேலே ஊற்றியும் தருவார்கள். கறித்துண்டை எடுத்துவிட்டால் சைவம் என்று பல சமையற்கட்டுகளில் நினைப்பு. அதனால் முதல் நாளே ‘தனிப் பானை, கறிச்சாறு கூடாது’ என்று சொல்லிவிடுங்கள். ஹரீராவிலும் பொடிக்கறி கிடக்கும். சுட்ட கத்தரிக்காயில் தக்காளியும் பூண்டும் சேர்த்த ஸாலூக், குடைமிளகாய் தக்தூகா இரண்டையும் தைரியமாகச் சாப்பிடலாம்.

நல்ல குஸ்குஸை மூன்று முறை ஆவியில் வைப்பார்கள். நடுநடுவே அகலத் தட்டில் கொட்டி, உப்புத் தண்ணீர் தெளித்து, கட்டி உடையக் கையால் உதிர்ப்பார்கள். வெறுமனே வெந்நீரில் ஊறவைத்தது ஆறிய ரவை உப்புமா போல ஒட்டிக்கொள்ளும்.

தாளக்காரி:
பாட்டுக் குழுக்கள் மேசை மேசையாக வந்துபோகும்; யார் எவர் என்று அடையாளம் தெரிந்தால் ரசிக்கலாம். ஒட்டகத்தோல் போர்த்திய, மூன்று நரம்புள்ள கும்ப்ரி வாத்தியமும் கரகேப் என்கிற இரும்புத் தாளமும் இருந்தால் அது க்னாவா இசைக்குழு. கும்ப்ரிக்காரரின் கையைப் பாருங்கள்: நரம்பை மீட்டும் அதே கை தோலையும் தட்டிக்கொண்டிருக்கும். ஆண்களும் பெண்களும் தோளோடு தோள் ஒட்டி நின்று ஆடினால் அஹிதூஸ், நடு அட்லஸ் மலைக்காரர்களுடையது. அவர்களுடைய பெந்தீர் பறையைத் தணலில் காட்டுவது வித்தைக்காக இல்லை. இரவின் ஈரக் குளிரில் தோல் தளர்ந்து நாதம் அமுங்கிவிடும்; சூட்டில் மறுபடி இறுகும்.

இன்னொரு மாலையை ஊர் நடுவே பாட்டும் வித்தையும் நடக்கும் ஜமா எல் ஃப்னா சதுக்கத்துக்கு வையுங்கள். கேமராவைத் தூக்கினாலே அங்குள்ள கலைஞர்கள் காசு கேட்பார்கள், எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பத்து திர்ஹம் நாணயங்களாகக் கைவசம் இருக்கட்டும்.

வழிப்போக்கன்:
நன்றி. அசைவக்காரர்கள் நால்வருக்கும் அந்த ஊருக்கே உரிய கறி எது?

அட்லஸ்வாசி:
தன்ஜியா. மண்ஜாடியில் மாட்டுக் கால்கறி அல்லது ஆட்டுக்கறி, பூண்டு, சீரகம், குங்குமப்பூ, உப்பு எலுமிச்சை, ஸ்மென் என்கிற நாள்பட்ட நெய் எல்லாம் போட்டு வாயைக் காகிதத்தால் கட்டி, ஹம்மாம் என்கிற பொது வெந்நீர்க் குளியல் கூடத்தின் அடுப்புச் சாம்பலில் மணிக்கணக்காகப் புதைத்து வைப்பார்கள். அவசரப்படுத்தினால் நார் நாராகக் கடிபடும். இரவுக்கு வேண்டுமானால் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.