லைவ் கிளாஸ் வீடியோவில பின்பக்கத்த மறைச்சா கையில பிடிக்கிற சாமானும் சேந்து மறையுது, என்ன செய்யலாம்?

உப்புவெளி_கெமிஸ்ட்ரி:
வணக்கம். நான் வீட்ட இருந்து ஏ.எல் பிள்ளையளுக்கு யூடியூப்ல லைவா கெமிஸ்ட்ரி எடுக்கிறன், மூதூர் கிண்ணியாவில இருந்தும் பிள்ளையள் சேருகினம், பஸ் ஏறி டவுனுக்கு வாறத விட இது அவைக்கு லேசு. வகுப்பு எடுக்கிற அறையிலதான் அம்மாட கட்டிலும் கிடக்கு, அவ படுத்திருக்கிறது எல்லாருக்கும் தெரியிறது எனக்கு விருப்பமில்ல, அதால ஓபிஎஸ்ல (லைவ் அனுப்பிற சொப்ட்வெயார்) எனக்குப் பின்னால இருக்கிறத மறைக்கிற பேக்ரவுண்ட் ரிமூவல் ப்ளகின் போட்டன். என்னை வடிவா வெட்டி எடுக்குது, ஆனா உருண்டையும் குச்சியும் பூட்டின மூலக்கூறு மொடல தூக்கிக் காட்டினா கை நிக்குது, உருண்டை பாதி காணாமப் போகுது. லப்டொப் ஐ3, தனி கிராபிக் கார்ட் இல்ல, உள்ள ஃபான் கத்துறது மைக்ல வேற கேக்குது.

நிலாவெளிப்_பொடியன்:
டீச்சர், அந்த ப்ளகின் மனுசர அடையாளம் பிடிக்கப் பழக்கின ஏஐ மொடல வச்சுத்தான் வெட்டுது, கையில இருக்கிற சாமான் அதுக்குப் பின்பக்கம் மாதிரித்தான். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அந்தக் கணக்க போடுறதால ஐ3 திணறும். இதே வேலை செய்யிற என்விடியா ப்ரோட்காஸ்ட் சொப்ட்வெயாருக்கு ஆர்டிஎக்ஸ் கிராபிக் கார்ட் வேணும், அத விடுங்கோ. பேசாம பச்சைத்துணி தொங்கவிட்டு, ஓபிஎஸ்ல ஒரு நிறத்த மறைக்கிற கிரோமா கீ ஃபில்டர போடுங்கோ, அது நிறத்த மட்டும்தான் பாக்கும், பழைய லப்டொப்பும் தாங்கும். புடவைக்கடையில பளபளப்பில்லாத பருத்தித்துணியா எடுங்கோ, சாட்டின் வேண்டாம்.

உவர்மலை_கமரா:
தம்பி சொல்றது சரி, ஆனா துணிய விட லைட்தான் முக்கியம் பிள்ளை. துணிக்கும் உங்களுக்கும் நாலைஞ்சு அடி இடைவெளி விடுங்கோ, இல்லாட்டி உங்கட நிழல் துணியில விழும், துணியின்ட பச்சை உங்கட தோள்ல அடிக்கும். துணிக்கு ரெண்டு பக்கத்தாலயும் ஒரே மாதிரி எல்ஈடி ரெண்டு, முகத்துக்கு வேற ஒண்டு. மடிப்பு இருந்தா அந்த இடம் வேற பச்சையாத் தெரியும், அயன் பண்ணி கீழ்க்கரையில ஒரு தடியக் கட்டி இழுத்து விடுங்கோ, பின்னேரக் கடல்காத்துக்கும் ஆடாது. கமரா செட்டிங்ல ஆட்டோ எக்ஸ்போஷரையும் ஆட்டோ வைட் பேலன்ஸையும் நிப்பாட்டுங்கோ, நீங்க கைய அசைக்கேக்க கமரா தானா வெளிச்சத்த மாத்தினா பச்சையும் மாறிப்போகும். அங்கயே பவர்லைன் ஃபிரீகுவென்சி 60ல கிடந்தா 50க்கு மாத்துங்கோ, எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், இல்லாட்டி படம் துடிக்கும். பிறகு கிரோமா கீ ஃபில்டர போடுங்கோ, சிமிலாரிட்டி (அந்தப் பச்சைக்கு எவ்வளவு கிட்டின நிறம் வரைக்கும் மறைக்கோணும் எண்ட அளவு) 400ல வந்து நிக்கும், துணி மறையிற அளவுக்கு மட்டும் கூட்டிக் குறையுங்கோ, அதுக்கு மேல போனா தலைமயிர் ஓரத்தைத் தின்னும். பின்பக்கம் அசையாத படமா இருந்தா அதுக்கு டேட்டா கொஞ்சமாத்தான் போகும், மிச்சம் உங்கட முகத்துக்கும் கைக்கும் கிடைக்கும், லைன் ஸ்லோவான வீட்டுக்கு அது பெரிய உதவி.

உப்புவெளி_கெமிஸ்ட்ரி:
பெரிய நன்றி அண்ணா. ஆனா மொடல்ல குளோரீன் உருண்டை பச்சை, துணியோட அதுவும் மறைஞ்சிடும், நீலத்துணி போட்டா நைதரசன் நீலம். குளோரீன் வாற அற்கைல் ஏலைட்டும் எடுக்கோணும் நைதரசன் வாற அமீனும் எடுக்கோணும், எதைப் போடுறது?

உவர்மலை_கமரா:
பச்சையே போடுங்கோ. குளோரீன் காட்டுற நேரம் மட்டும் கிரோமா கீ இல்லாத சீனுக்கு (ஓபிஎஸ்ல நீங்க அடுக்கி வைக்கிற ஒரு திரைக்காட்சி) மாறினாச் சரி. ஒரே கமரா சோர்ஸில ஃபில்டர் போட்டா எல்லா சீனுக்கும் அது போகும், அதால கமராவில போடாதேங்கோ. கமராவ மட்டும் வச்சு ஒரு சீன் செய்து, அந்த சீனுக்கு கிரோமா கீ போடுங்கோ. மெயின் சீன்ல பின்படத்துக்கு மேல அந்த சீனக் கொண்டு வாங்கோ. இன்னொரு சீன்ல ஃபில்டர் இல்லாத கமராவப் பெருப்பிச்சு, கையும் மொடலும் மட்டும் தெரியிற மாதிரி வையுங்கோ, பின்னால பச்சைத்துணி தெரிஞ்சாலும் கட்டில் தெரியாது. மெயின் சீனுக்கும் இதுக்கும் கீபோர்ட்ல ஒவ்வொரு ஹொட்கீ (அமத்தினா சீன் மாறுற பட்டன்) குடுத்தா பாடத்துக்கு நடுவில மவுஸ் தேடத் தேவையில்ல.